பொருளடக்கம் சொதப்புகிறதா? பழைய வேர்டைத் திட்டாதீங்க!

நாளை காலை ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். இரவு 11 மணிக்கு பிரிண்ட் எடுத்தால், பொருளடக்கத்தில் பக்க எண் வர வேண்டிய இடத்தில் ‘எரர்! புக்மார்க் நாட் டிஃபைண்ட்’ என்று வரிசையாக நிற்கிறது. “பழைய சாஃப்ட்வேர், அதான் இப்படி” என்பதுதான் எல்லோரும் சொல்லும் காரணம். ஆனால் பெரும்பாலும் தப்பு சாஃப்ட்வேர் மேல் இல்லை. டைப் செய்யும் பழக்கத்தில் இருக்கிறது.

மைக்ரோசாஃப்ட் வேர்ட் 2003-க்கான ஆதரவு 2014-லும், வேர்ட் 2007-க்கு 2017-லும், வேர்ட் 2010-க்கு 2020-லும் நின்றுவிட்டது. ஆனாலும் பொருளடக்கம் உருவாகும் முறை அன்றும் இன்றும் ஒன்றுதான்.

எங்கே பிசகுகிறது?

எழுத்தை போல்டு ஆக்கி, சைஸைக் கூட்டினால் நம் கண்ணுக்கு அது தலைப்பு. வேர்டுக்கு அது வெறும் தடித்த எழுத்து. ‘ஹெடிங் 1’, ‘ஹெடிங் 2’ போன்ற ஸ்டைல் கொடுத்தால்தான் அதைத் தலைப்பாக எடுத்துக்கொள்ளும். கன்ட்ரோல் + ஆல்ட் + 1 அழுத்தினால் போதும். ஒரு பத்தி முழுசாகப் பொருளடக்கத்தில் வந்து உட்கார்ந்தால், அந்தப் பத்திக்குத் தெரியாமல் ஹெடிங் ஸ்டைல் விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

எரர் வந்தால்?

தலைப்பை அழித்தோ மாற்றியோ இருப்பீர்கள்; பட்டியல் இன்னும் பழைய தலைப்பைத் தேடுகிறது. பட்டியலில் கிளிக் செய்து எஃப்9 அழுத்துங்கள். பக்க எண்ணை மட்டும் மாற்றாமல், முழுப் பட்டியலையும் புதுப்பிக்கும் வாய்ப்பைத் தேர்வு செய்யுங்கள். பட்டியலுக்குப் பதில் அடைப்புக்குறிக்குள் ஏதோ கோடு தெரிந்தால் ஆல்ட் + எஃப்9. பட்டியலுக்குள் கையால் திருத்தினால், அடுத்த எஃப்9-ல் எல்லாம் போச்சு. திருத்தம் எப்போதும் தலைப்பில்தான்.

சொல்லடைவில் பக்க எண் தப்பாக வருகிறதா?

ஆல்ட் + ஷிஃப்ட் + எக்ஸ் அழுத்திச் சொற்களைக் குறிக்கும்போது, மறைகுறிகள் திரையில் தெரிய ஆரம்பிக்கும். அவையும் இடம் பிடிப்பதால் பக்கங்கள் நகர்ந்துவிடும். கன்ட்ரோல் + ஷிஃப்ட் + 8 அழுத்தி அவற்றை மறைத்த பிறகே சொல்லடைவை உருவாக்க வேண்டும்.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. பாமினி எழுத்துருவில் டைப் செய்தால், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். ‘அ’வுக்கு ‘எம்’, ‘ம’வுக்கு ‘கே’. அதனால் அகர வரிசையில் ‘அம்மா’வுக்கு முன்னாலேயே ‘மரம்’ வந்து நிற்கும். இதற்கு எஃப்9 உதவாது; யூனிகோடுக்கு மாறுவதுதான் ஒரே வழி.

யார் மாற வேண்டும்?

புது வெர்ஷன் வாங்கினாலும் இந்தப் பழக்கம் மாறாவிட்டால் அதே எரர்தான். பாதுகாப்புக்காக மாற நினைப்பவர்களுக்கு இலவசமான லிப்ரே ஆபீஸ் இருக்கிறது; அதிலும் ஹெடிங் ஸ்டைல்தான் அடிப்படை.

மார்ஜின் எவ்வளவு, வரி இடைவெளி எவ்வளவு என்றெல்லாம் விதி போடும் கல்வி நிறுவனங்கள், ஸ்டைல் அமைத்த ஒரு டெம்ப்ளேட் ஃபைலையும் சேர்த்துக் கொடுக்கலாம். மூன்று வருட உழைப்பு, கடைசி இரவில் புள்ளி வைத்துப் பக்க எண் டைப் செய்வதில் முடியக் கூடாது.