அளவு கூறி எழுதுக

யூபிலி மலருக்குக் கட்டுரை ஒன்று தருக எனப் பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபொழுது, இலக்கியம் பற்றியோ சமயம் பற்றியோ எழுதுவேன் என்றே அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். யான் எடுத்துக்கொண்ட பொருளோ கணினி நிரல் பற்றியது. தமிழாசிரியனுக்கு இதில் என்ன அலுவல் என்று வினவுவார்க்கு விடை கூறிய பின்னரே மேற்செல்லுதல் முறை.

எம் மாணவர் சிலர், தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் நேரத்தை வினாடிக் கணக்கில் எண்ணிக் காட்டும் கருவி ஒன்றை ஆடுயினோ ஊனோ என்னும் சிறு மின்பலகையைக் கொண்டு ஆக்கினர். அதற்குரிய தமிழ் அறிவித்தல்களைத் திருத்திக் கொடுத்தமையால் யானும் அருகிருந்தேன். காலை 6 மணிக்குக் கருவியை ஓடவிட்டனர். பிற்பகல் 3 மணி 6 நிமிடம் வரை கணக்குச் செவ்வனே சென்றது. பின்னர் ஒரு வினாடியில் அது மறையெண்ணாயிற்று. பிள்ளைகள் திகைத்தனர். அதே நிரலை முதல்நாள் ஆய்வுகூடத்துக் கணினியில் இராமுழுதும் ஓட்டிப் பார்த்திருந்தனர். ஆங்குப் பிழை யாதும் தோன்றவில்லை.

காரணம் எளிது. சீ என்னும் நிரன்மொழியில் முழுவெண்ணைக் குறிக்க 'இன்ற்' என்றொரு சொல் உண்டு. ஆய்வுகூடத்துக் கணினியில் அது 32 பிற்று அளவினது. அச் சிறு பலகையிலோ 16 பிற்று அளவினதே. பிற்று என்பது 0 அல்லது 1 என நிற்கும் ஓரிலக்கம். 16 பிற்றில் அடங்கும் பேரெண் 32,767. அத்துணை வினாடி கழிய 9 மணி 6 நிமிடம் 7 வினாடி ஆகும். அடுத்த வினாடிக்கு இடமில்லை. எல்லை கடந்தால் யாது நிகழும் என்பதற்கு மொழியின் விதியும் உறுதி கூறுவதில்லை. அன்று நிகழ்ந்தது, கணக்கு −32,768க்குத் தாவியமை.

ஒரு சொல் நின்ற இடத்துக்கேற்ப அளவு வேறுபடுதல் தமிழ் கற்றார்க்குப் புதிதன்று. 'பசு' என்பதன் ஈற்று உகரம் ஒரு மாத்திரை. 'நாடு' என்பதன் ஈற்று உகரம் அரை மாத்திரை. வரிவடிவம் ஒன்றே, அளவு வேறு. ஆயின் எங்கே குறுகும், எங்கே குறுகாது என்பதை இலக்கணம் வரையறுத்துக் கூறிவிட்டது. ஆதலின் அதனைக் கற்றவன் இடர்ப்படான். சீ மொழியின் இலக்கணத்தையும் அவ்வாறே கற்பிக்க வேண்டும் என்பதே யான் கூறவந்தது.

அம்மொழியை அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டெனிஸ் ரிச்சி என்பார் 1970களின் தொடக்கத்தில் ஆக்கினார். அவரும் பிறையன் கேணிகனும் 1978இல் வெளியிட்ட நூலிலேயே 'இன்ற்' பீ.டீ.பீ. 11 என்னும் இயந்திரத்தில் 16 பிற்று என்றும், ஐ.பீ.எம். 370இல் 32 பிற்று என்றும், ஹணிவெல் 6000இல் 36 பிற்று என்றும் அட்டவணை தந்துள்ளனர். ஒவ்வோர் இயந்திரமும் தனக்கு இயல்பான அளவில் விரைந்து கணிக்கட்டும் என விட்டமையே இதன் காரணம். 1989இல் வகுத்த நியமமும் கீழெல்லையையே கூறிற்று: 'இன்ற்' 16 பிற்றிற் குறையலாகாது, 'லோங்' 32 பிற்றிற் குறையலாகாது. மேலெல்லை கூறவில்லை.

இக்காலக் கணினிகள் யாவும் 64 பிற்றின ஆயினவே, இனி இவ்வாராய்ச்சி எற்றுக்கு என்பார் உளர். அன்னார் இரண்டினை நோக்குக. முதலாவது, சிறு பலகைகள் இன்னும் எங்கும் உள. இரண்டாவது, 64 பிற்றுக் கணினிகளே தம்முள் ஒவ்வா: 'லோங்' லினக்ஸில் 64 பிற்று, விண்டோஸிலோ 32 பிற்று. ஒன்றில் எழுதிய கோப்பை மற்றொன்றிற் படிப்பவன் இடர்ப்படுவான்.

இதற்குப் பரிகாரம் 1999ஆம் ஆண்டின் நியமத்திலேயே உளது. 'இன்ற்32_ரீ' என்றாற்போலப் பெயரிலேயே அளவைக் கூறும் வகைகள் அதில் வகுக்கப்பட்டன. யாழ்ப்பாணத்து நில உறுதிகளில் இலாச்சம் என்று வாளா எழுதாது, வரகா நெல்லா என்பதையும் சேர்த்து எழுதுதல் வழக்கம். இரண்டும் அளவில் வேறாதலின் அஃது இன்றியமையாதது. இதுவும் அத்தகைய எச்சரிக்கையே.

எனினும் புதுப் பெயரை யாண்டும் ஒட்டிவிடுதல் அறிவுடைமை ஆகாது. கோப்பிலும் தொடர்பு வழியிலும் செல்லும் தரவுக்கு அளவு திட்டமாக வேண்டும். ஆங்கும் அளவு மாத்திரம் போதாது. பைற்றுகள் நிற்கும் வரிசையும் இயந்திரந்தோறும் வேறுபடலாமாதலின் அதனையும் வரையறுத்தல் வேண்டும். நினைவகத்தில் ஒரு பொருள் கொள்ளும் இடத்தை எண்ணுதற்கு 'சைஸ்_ரீ' உரியது. நூறு வரை எண்ணும் சிறு கணக்குக்கு 'இன்ற்' தானே அமையும். எவ்விடத்து எது தகும் என்று தெரிதலே கல்வி.

மற்றுமொரு நுட்பம் உண்டு. எம் மாணவர் பிழையறிந்து, விடையை வைக்கும் இடத்தை 32 பிற்றாக்கினர், மகிழ்ந்தனர். ஆயின் ஒரு நிமிடத்துக்குரிய மில்லிவினாடியைக் காண 60ஐ 1000ஆற் பெருக்கிய வரி மீண்டும் பிழைத்தது. பெருக்கப்படும் இரண்டெண்ணும் 'இன்ற்' ஆதலின் பெருக்கமும் 16 பிற்றிலேயே நிகழ்ந்தது. 60,000 அதில் அடங்காது. கொள்கலம் பெரிதாயினும் அளக்கும் படி சிறிதாயின் பயன் யாது? எண்களுள் ஒன்றையேனும் முன்னரே 'லோங்' ஆக்கியிருத்தல் வேண்டும்.

இவை பிள்ளைகளின் சிறு பிழைகள் என்று ஒதுக்கற்க. பல கணினி முறைகள் காலத்தை 1970 சனவரி 1ஆந் தேதி முதலாக வினாடிகளில் எண்ணுகின்றன. அக்கணக்கை 32 பிற்றில் வைத்த பழைய நிரல்கள் எங்கெங்கே எஞ்சியுள்ளனவோ, அங்கெல்லாம் 2038 சனவரி 19ஆந் தேதி இலங்கை நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடியோடு இடம் தீர்ந்துவிடும். எம் மாணவரின் கருவிக்கு நேர்ந்தது அவற்றுக்கும் நேரும். இன்று எம் வகுப்புகளில் இருப்போர் அன்று தொழிலில் இருப்பர். எழுதியவன் மறைந்த பின்னும் நிரல் ஓடிக்கொண்டிருக்கும் என்பதை அவர்கள் இப்பொழுதே உணர்தல் நன்று.

ஆகலின் இரண்டு விண்ணப்பம். மாணவர்காள், உங்கள் நிரல் உங்கள் கணினியில் ஓடிற்று என்பதை அது சரியென்பதற்குச் சான்றாகக் கொள்ளற்க. அளவில் வேறுபட்ட மற்றோர் இயந்திரத்திலும் ஓட்டிப் பார்க்க. நீங்கள் கருதிய அளவை நிரலிலேயே எழுதுக. இயந்திரத்தின் வழக்கத்தை நம்பி விட்டுவிடற்க. பழைய மாணவர்களாகிய அன்பர்காள், யூபிலி நினைவாக ஆய்வுகூடத்துக்கு உதவ முன்வரும் நீங்கள், விலையுயர்ந்த புதுக் கணினிகளை மாத்திரம் அனுப்பற்க. ஒரே வகையான இருபது கணினிகள் ஒரே பிழையை இருபது முறை மறைக்கும். அவற்றோடு சிறு பலகைகள் சிலவும், நீங்கள் கழித்துவிட்ட பழைய இயந்திரங்கள் சிலவும் தருக. அன்று பிற்பகல் 3 மணி 6 நிமிடத்தில் அச் சிறு பலகை கற்பித்த பாடத்தை, பிழையின்றி ஓடிய கணினி கற்பிக்கவில்லை.

— கல்லூரித் தமிழாசிரியர்