துண்டிக்கப்படும் மின்சாரம்

நீர்ச்சூடேற்றியில் தண்ணீர் சரியாகச் சூடாகவில்லை என்றால் பலர் உடனே பழுதுபார்ப்பவரை அழைக்கின்றனர். ஆனால், அதை இயக்கியதும் வீட்டின் மின்சாரமே நின்றுபோனால், மின்பெட்டியின் விசையை மேலே தள்ளிவிட்டுக் குளிக்கப் போய்விடுகின்றனர். உண்மையில், அவசரம் காட்டவேண்டியது இரண்டாவதற்குத்தான்.

சூடாக்கும் கம்பியின் மேலுறை நாளடைவில் அரிக்கப்பட்டு விரிசல் கண்டால், மின்சாரம் தண்ணீரில் கசியக்கூடும். அக்கசிவை உணர்ந்து நொடிப்பொழுதில் மின்சாரத்தைத் துண்டிப்பதே 'ஆர்சிசிபி' எனும் கருவியின் வேலை. சிங்கப்பூரில் 1985 ஜூலைக்கு முன் கட்டப்பட்ட சில வீடுகளில் இக்கருவி இல்லாமல் இருந்தது. அவற்றிலும் 2025 ஜூலை 1ஆம் தேதிக்குள் அதைப் பொருத்தவேண்டும் என்று எரிசக்திச் சந்தை ஆணையம் விதித்தது. விதி போட்டுப் பொருத்தவைத்த கருவி எச்சரிக்கும்போது, அதைத் தொல்லையாக நினைப்பது சரியன்று.

செலவுக்கு அஞ்சி, தெரிந்தவர் ஒருவரை வைத்துச் சூடேற்றியைத் திறந்துபார்ப்போரும் உண்டு. ஷவரின் துளைகளை அடைத்திருக்கும் அழுக்கை யார் வேண்டுமானாலும் நீக்கலாம். தண்ணீர் மெல்லிதாக வருவதால் சூடேற்றி இயங்காமல் இருந்தால், அதுவே போதும். மின்கம்பியைத் தொடும் வேலை அப்படியன்று. அதை உரிமம் பெற்ற மின்பணியாளரே செய்யவேண்டும். அவர் வரும்வரை சூடேற்றி அணைந்தே இருக்கட்டும். சிங்கப்பூர் வெயிலில் இரண்டு நாள் பச்சைத் தண்ணீரில் குளிப்பது யாருக்கும் பெரிய துன்பமாக இராது.