கேரவன் நிற்க ஓர் ஊர்

'கேரவன்' என்று சொன்னால் தமிழ்நாட்டில் யாருக்கும் சுற்றுலா ஞாபகம் வராது. ஷூட்டிங்தான் ஞாபகம் வரும். ஹீரோ உள்ளே ஏசியில் உட்கார்ந்திருக்க, வெளியே வெயிலில் ஐம்பது பேர் காத்திருக்கும் அந்தப் பெரிய வண்டி! 'அவருக்குத் தனி கேரவன்' என்றால் அவர் பெரிய நடிகர் என்று அர்த்தம். நம்மூரில் அது ஒரு வாகனம் என்பதைவிட ஒரு அந்தஸ்து.

ஆஸ்திரேலியாவில் கதையே வேறு. அங்கே கேரவன் என்பது ரிட்டயர் ஆன கணவன் மனைவியின் வண்டி. பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு, வீட்டைப் பூட்டிவிட்டு, இருவரும் மாதக்கணக்கில் உள்நாட்டுச் சிற்றூர்கள் வழியாகப் போய்க்கொண்டே இருப்பார்கள். ஒரு ஊரில் இரண்டு இரவு, அடுத்த ஊரில் மூன்று இரவு. இவர்களுக்கு 'கிரே நோமேட்ஸ்' என்று ஒரு பெயரே உண்டு. நரைத்த நாடோடிகள் என்று வைத்துக்கொள்ளலாம்.

இது நம்மூருக்கு ஒத்துவருமா? நிச்சயமாக வரும். ஆனால் இப்போது அரசாங்கங்கள் யோசிக்கிற வழியில் அல்ல.

கேரள அரசு 2021-ல் 'கேரவன் கேரளா' திட்டத்தை அறிவித்தது. இரண்டு பேர் தங்க ஒரு வகை வண்டி, நான்கு பேர் குடும்பத்துக்கு ஒரு வகை. வண்டி நிற்பதற்கு 'கேரவன் பார்க்'. அதற்குக் குறைந்தது 50 சென்ட் நிலமும் ஐந்து வண்டிகளுக்கு இடமும் வேண்டும் என்பது விதி. முதல் பார்க் 2022-ல் வாகமனில் வந்தது. தமிழ்நாடு அரசின் 2023-ஆம் ஆண்டு சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் சுற்றுலா ஒரு முன்னுரிமைப் பிரிவாக இடம்பெற்றிருக்கிறது.

சந்தோஷம்தான். ஆனால் வாகமன் ஏற்கெனவே டூரிஸ்ட்டுகள் குவிகிற மலை. ஹோட்டல் இருக்கிற ஊரில் போய் நிற்பதற்கு எதற்கு சக்கரம் வைத்த வீடு? கேரவனின் பயனே ஹோட்டல் இல்லாத ஊரில் இரவு தங்கலாம் என்பதுதானே? அதை விட்டுவிட்டு மலையிலும் கடற்கரையிலும் வேலி போட்ட பார்க் கட்டினால், ரிசார்ட்டுக்கு டயர் மாட்டிய கதையாகத்தான் முடியும்.

கேரவன் நிற்க வேண்டிய ஊருக்கு ஓர் உதாரணம் புதுக்கோட்டை. தொண்டைமான் மன்னர்களின் புதுக்கோட்டை இல்லை. இது தூத்துக்குடி மாவட்டத்துப் புதுக்கோட்டை. தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி போகிற வழியில், வாகைகுளம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெயரைச் சொன்னாலே 'திருச்சி பக்கமா?' என்று கேட்பார்கள். அந்தக் குழப்பத்திலேயே பாதி அடையாளம் போய்விட்ட ஊர்!

தூத்துக்குடி மாவட்டம் என்றாலே வெளியூர்க்காரர்களுக்குக் கடல்தான். துறைமுகம், முத்துக்குளித்தல், திருச்செந்தூர், மணப்பாடு. 2025 ஜூலையில் வாகைகுளத்தில் விமான நிலையத்தின் புதிய முனையம் திறக்கப்பட்டது. இனி வருகிறவர்கள் என்ன செய்வார்கள்? விமானத்தை விட்டு இறங்கி, டாக்ஸி பிடித்து, நேராகத் திருச்செந்தூர். சாமி கும்பிட்டுவிட்டு நேராக மீண்டும் விமானம். நான்கு வழிச்சாலையில் எண்பதிலும் நூறிலும் பறக்கிற வண்டிக்குள் இருப்பவருக்குப் புதுக்கோட்டை என்பது கண்ணில் பட்டு மறைகிற ஒரு பெயர்ப்பலகை மட்டுமே.

ஆனால் இதே புதுக்கோட்டையிலிருந்து கிளம்பி உள்ளூர்ச் சாலைகளில் ஒரு வட்டம் அடித்துப் பாருங்கள்.

முதலில் வல்லநாடு. 1987-லிருந்து இங்கே வெளிமான் சரணாலயம் இருக்கிறது. இந்தியாவில் வெளிமான்கள் இயற்கையாக வாழ்கிற தென்கோடி இடம் இதுதான். அடுத்து தாமிரபரணி. ஆற்றைத் தாண்டினால் ஆதிச்சநல்லூர். 1876-ல் ஜெர்மனியிலிருந்து யாகோர் என்பவர் வந்து தோண்டிய முதுமக்கள் தாழிக்காடு. தோண்டிய இடத்திலேயே, கண்ணாடித் தளத்துக்குக் கீழே தாழிகளைப் பார்க்கும்படியான அருங்காட்சியகம் 2023-ல் வந்திருக்கிறது. அப்புறம் ஸ்ரீவைகுண்டம். அங்கிருந்து, நம்மாழ்வார் அமர்ந்திருந்ததாகச் சொல்லும் உறங்காப்புளி நிற்கிற ஆழ்வார்திருநகரி. அப்படியே வாழைத்தோட்டங்கள் வழியாக ஏரல். பக்கத்தில், புவிசார் குறியீடு வாங்கிய வெற்றிலை விளைகிற ஆத்தூர். கடைசியாக, திருக்குறளை ஆங்கிலத்தில் தந்த ஜி.யு. போப் பணியாற்றிய சாயர்புரம். அதோடு மீண்டும் புதுக்கோட்டை.

சுற்றி வர ஒரு பகல் போதும். பார்த்து வர மூன்று நாள் வேண்டும். ஆனால் யார் மூன்று நாள் தங்குகிறார்கள்? பொழுது சாய்ந்தால் வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் நெல்லைக்கோ தூத்துக்குடிக்கோ திருச்செந்தூருக்கோ திரும்பிவிடுகிறார்கள். பகல் முழுக்க ஊரைப் பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக் காசை வேறு ஊரில் கொடுக்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் காமர்ஸ் வகுப்பில் படித்தது கொஞ்சம் உதவும். ஒரு பயணி ஓர் ஊரில் செலவழிப்பதைத் தீர்மானிப்பது அவர் எத்தனை இடம் பார்த்தார் என்பது அல்ல, எத்தனை இரவு தூங்கினார் என்பதுதான். பகலில் வந்து போகிறவர் ஒரு டீ, ஒரு வாட்டர் பாட்டிலோடு நிறுத்திக்கொள்வார். இரவு தங்குகிறவர் ராத்திரி புரோட்டா சால்னா, காலையில் இட்லி, பால், காய்கறி, மல்லிகைப்பூ, மருந்து, ஊருக்குக் கொண்டுபோகக் கருப்பட்டி என்று பத்துக் கடை ஏறி இறங்குவார்.

ஒரு சின்னக் கணக்கு. எல்லாம் அனுமானம்தான். ஒரு ஊரில் தினமும் இரண்டு கேரவன் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிறுத்தக் கட்டணம் 200 ரூபாய். கடைகளில் செய்யும் செலவு வண்டிக்கு 800 ரூபாய். வருடத்தில் 300 நாள் என்றால் கட்டணம் மட்டும் 1,20,000 ரூபாய். கடைகளுக்குப் போவது 4,80,000 ரூபாய். பெரிய தொழிற்சாலை வைத்திருப்பவருக்கு இது சில்லறை. ஒரு புரோட்டா கடைக்கும் ஒரு பூக்கார அக்காவுக்கும் இது சில்லறை அல்ல. அந்தக் காசு பெரும்பாலும் அதே ஊரில் பால்காரருக்கும் மளிகைக்கடை அண்ணாச்சிக்கும் கைமாறும். ரிசார்ட்டில் கட்டுகிற பணம் அப்படி அல்ல. அதில் பெரும்பங்கு முதல் போட்டவரின் ஊருக்குப் போய்விடும்.

"கேரவனில்தான் கிச்சன், பெட், பாத்ரூம் எல்லாம் இருக்கிறதே, அவர்கள் ஏன் ஊரில் செலவழிக்கப் போகிறார்கள்? குப்பையை மட்டும் போட்டுவிட்டுப் போவார்கள்" என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. ஆஸ்திரேலியாவிலும் இதே சண்டை உண்டு. ஊராட்சிகள் மலிவாகவோ இலவசமாகவோ இடம் தந்தால் எங்கள் பிழைப்பு போகிறது என்று கேரவன் பார்க் முதலாளிகள் எதிர்ப்பார்கள். ஆனாலும் அங்குள்ள கேரவன் பயணிகளின் சங்கம் ஒன்று, சில அடிப்படை வசதிகளைச் செய்து தருகிற ஊர்களுக்கு 'இந்த ஊர் உங்களை வரவேற்கும்' என்பதுபோல ஓர் அங்கீகாரமே கொடுக்கிறது. கேட்பது என்ன? நீளமான வண்டி நிற்க இடம், கடைவீதிக்குப் பக்கத்தில் ஓரிரு இரவு தங்க அனுமதி, குடிநீர்க் குழாய், வண்டியின் கழிவுத்தொட்டியைச் சுத்தமாக இறக்க ஒரு வசதி. அவ்வளவுதான். நீச்சல்குளம் கேட்கவில்லை!

இதில் கழிவை இறக்கும் வசதிதான் முக்கியம். அது இல்லாத இடத்துக்குக் கேரவன் வந்தால் கழிவு ஓடையில்தான் போகும். தாமிரபரணிக் கரையில் அதை அனுமதிக்கவே முடியாது. ஆகவே முதலில் வசதி, பிறகு வண்டி. இந்த வரிசை மாறக்கூடாது.

நம்மூரில் ஒரு கணவனும் மனைவியும் காரில் மூன்று நாள் சுற்றுவதில் இருக்கிற உண்மையான கஷ்டம் என்ன? டீசல் விலையா? இல்லை. கழிப்பறை. போகிற வழியில் சுத்தமான கழிப்பறை கிடைக்காது என்பதற்காகவே காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் பயணம் செய்கிற பெண்கள் எத்தனை பேர்! ஆண்கள் அதை யோசிப்பதுகூட இல்லை. அடுத்தது லாட்ஜ். இளம் ஜோடியாக இருந்தால் ரிசப்ஷனில் மேலும் கீழும் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதற்குப் பயந்தே பலர் சின்ன ஊர்களில் தங்குவதில்லை.

2020-ல் திருச்சூரைச் சேர்ந்த ஹரிகிருஷ்ணன், லட்சுமி என்ற தம்பதி தங்கள் காரையே படுக்கையாக்கிக்கொண்டு இந்தியாவைச் சுற்றக் கிளம்பினார்கள். 'டின்பின் ஸ்டோரீஸ்' என்ற பெயரில் பயண வீடியோக்களும் போட்டார்கள். ஆடம்பர கேரவன் எல்லாம் இல்லை, சாதாரணக் கார்தான். அவர்கள் இரவில் நம்பி நிறுத்தியது பெரும்பாலும் பெட்ரோல் பங்க்குகளில். காரணம் எளிது. அங்கே வெளிச்சம் உண்டு, ஆள் நடமாட்டம் உண்டு, தண்ணீரும் கழிப்பறையும் உண்டு. ஒரு பெட்ரோல் பங்க் தர முடிந்ததை ஓர் ஊரால் தர முடியாதா?

தர முடியும். முன்பு தந்துகொண்டும் இருந்தது. வில்வண்டி கட்டி, கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு, குலதெய்வம் கோயிலுக்கும் திருச்செந்தூருக்கும் குடும்பம் குடும்பமாகப் போன சீமை இது. வண்டியில் படுக்கை உண்டு, பாத்திரம் உண்டு, மாட்டுக்கு வைக்கோல்கூட உண்டு. கேரவன் வேறென்ன? அந்த வண்டிகளுக்காக ஊர்கள் சத்திரம் கட்டின, கிணறு வெட்டின, தலைச்சுமையோடு நடப்பவர்களுக்குச் சுமைதாங்கிக் கல் நட்டன. ராணி மங்கம்மாள் போட்ட சாலைகளையும் கட்டிய சத்திரங்களையும் இன்றும் தென்மாவட்டங்களில் பேர் சொல்லிப் பேசுகிறார்கள். வழிப்போக்கன் ஓர் இரவு தங்க இடம் தருவது ஊரின் கடமை என்று ஒரு காலம் நினைத்தது. நான்கு வழிச்சாலை வந்த பிறகு அந்தக் கடமையைச் சுங்கச்சாவடியிடம் விட்டுவிட்டோம்.

ஆகவே தமிழ்நாட்டுக்குத் தேவை மலையில் நாலு கேரவன் பார்க் அல்ல. புதுக்கோட்டை மாதிரி ஊர்களில், பஸ் ஸ்டாண்டுக்கும் கடைவீதிக்கும் நடக்கிற தூரத்தில், ஆளுக்கொரு சின்ன நிறுத்தம். மூன்று வண்டிக்கு இடம், ஒரு குழாய், மின்சார இணைப்பு, விளக்கு, கழிவுத்தொட்டி, சுத்தமான கழிப்பறை. அந்த ஊர் மகளிர் சுய உதவிக் குழுவே நடத்தட்டும். கேரவன் ஒன்றுகூட வராத நாளிலும் அந்தக் கழிப்பறை வீணாகாது. பஸ்ஸுக்கு நிற்கிற கல்லூரிப் பெண்ணும், சந்தைக்கு வந்த பாட்டியும் பயன்படுத்துவார்கள். பார்க்கில் போடுகிற பணத்துக்கு இந்த லாபம் கிடையாது.

'சின்ன ஊர்களில் வெளியாட்களைப் பார்த்துக்கொள்ளத் தெரியுமா?' என்று சந்தேகப்படுபவர்கள் 2023 டிசம்பரை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்தப் பெருமழையில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்டது. நூற்றுக்கணக்கான பயணிகள். சுற்றிலும் வெள்ளம், தண்டவாளத்துக்குக் கீழே மண் அரித்துப் போய்விட்டது. பக்கத்துப் புதுக்குடி கிராமத்து மக்கள் தங்கள் ஊரே தண்ணீரில் நிற்கும்போது, இருந்த அரிசியைப் போட்டுச் சமைத்து அந்தப் பயணிகளுக்குச் சோறு போட்டார்கள். யாரும் ரிசப்ஷனில் நின்று ஐடி கார்டு கேட்கவில்லை.

அந்த மாதிரி ஊர்களில் ஒரு கேரவன் வந்து நின்றால் முதல் நாள் என்ன நடக்கும் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். "என்ன அண்ணாச்சி, ஷூட்டிங்கா? ஹீரோ யாரு?" என்று கேட்பார்கள். சின்னப் பிள்ளைகள் ஜன்னலில் எட்டிப் பார்க்கும். இரண்டாம் நாள் காலையில் யாராவது ஒரு அக்கா ஒரு சொம்புப் பதநீரோடு வந்து நிற்பார்.

வண்டி வாங்க மானியம் தருவது இருக்கட்டும். அது நிற்கிற இடத்தில் முதலில் ஒரு குழாய் போடட்டும்.