யாருடைய ஆயுள்?

இலக்கியம் பேசக் கூடுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைக் காலையைக் காருக்கடியில் படுத்துக் கழிக்கலாமா என்று கலிஃபோர்னிய நண்பர் ஒருவர் எங்களிடம் வருந்தினார். சொற்களின் மீது அக்கறை கொண்டவர்கள்தாம் முதலில் அங்கே படுக்க வேண்டும் என்பது எங்கள் கட்சி. அங்கே ஒரு சொல் நெடுங்காலமாகப் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறது.

'ஆயுட்கால எண்ணெய்' என்பது அச்சொல். தானியங்கி கியர்பெட்டியில் ஊற்றிய எண்ணெயை மாற்றவே வேண்டாம் என்று 1990களில் கார் நிறுவனங்கள் சில சொல்லத் தொடங்கின. அளவு பார்க்கும் கம்பியைக்கூடப் பல கார்களிலிருந்து எடுத்துவிட்டார்கள். கண்ணுக்குத் தெரியாததைப் பற்றி யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் பல கார் நிறுவனங்களுக்குக் கியர்பெட்டி செய்து தரும் ஜெர்மனியின் இசட்.எஃப் நிறுவனம், 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, மிஞ்சினால் எட்டு ஆண்டுகளுக்குள், எண்ணெயை மாற்றச் சொல்கிறது. பெட்டியைச் செய்தவர் மாற்று என்கிறார். அதைப் பொருத்திக் காரை விற்றவர் வேண்டாம் என்கிறார். அப்படியானால் இது யாருடைய ஆயுள்? முதல் உரிமையாளர் காரைத் தலைமுழுகும் வரையிலான ஆயுள் என்றே நாங்கள் வாசிக்கிறோம். மூன்றாம் கையாக வாங்குகிறவருக்குப் பெட்டி போனால் சில ஆயிரம் டாலர் செலவு. அவருடைய கார் அந்த விலைக்குப் போகாது.

இது வெறும் உயவெண்ணெயும் அன்று. எஞ்சினின் விசையை டார்க் கன்வர்ட்டர் வழியாகச் சக்கரத்தின் பக்கம் கடத்துவது இதுதான். கியரை மாற்றும் அழுத்தமும், கிளட்ச் தட்டுகளுக்குத் தேவையான பிடிப்பும், குளிர்ச்சியும் இதனிடமிருந்தே வருகின்றன. வெப்பத்தில் இதன் சிவப்பு பழுப்பாகிறது, முற்றினால் கருகிய வாடை அடிக்கிறது. 1970களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் இதில் ஸ்பெர்ம் திமிங்கலத்தின் எண்ணெய் கலந்திருந்தது. மெல்வில்லைப் படித்தவர்களுக்கு இந்த நுழைவுச்சீட்டே போதும்.

நாங்கள் கைவைத்தது 2000ஆம் ஆண்டு நான்கு சிலிண்டர் ஹோண்டா அக்கார்டு. சமதளத்தில், தாங்கிகளின் மேல் (ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கடியில் போகிறவரோடு எங்களுக்கு இலக்கிய உறவும் கிடையாது), எஞ்சின் சற்றே சூடாக இருக்கையில் வடிகால் திருகைக் கழற்ற வேண்டும். அதன் சதுரத் துளைக்கு 3/8 அங்குல ராட்செட்டே பொருந்தும். திருகின் நுனியிலுள்ள காந்தத்தில் சாம்பல் நிறக் களிம்பு ஒட்டியிருந்தால் அது இயல்பான தேய்மானம். சிராய் சிராயாக உலோகம் இருந்தால் கவலைப்படலாம். திருகைப் புது வாஷருடன் பூட்டிவிட்டு, வடிந்ததை அளந்து, அதே அளவு டி.டபிள்யூ-1 எண்ணெயை அளவுகம்பிக் குழாயில் புனல் வைத்து ஊற்ற வேண்டும். இந்தக் காரில் எஞ்சினைச் சூடாக்கி அணைத்து ஒன்றரை நிமிடத்துக்குள் அளவு பார்க்க வேண்டும். பல கார்களில் எஞ்சின் ஓடும்போதே பார்ப்பார்கள். அந்தந்தக் காரின் கையேடே வேதம்.

வடிவது ஏறத்தாழ இரண்டரை லிட்டர்; உள்ளே இருப்பது ஆறு. மிச்சம் கன்வர்ட்டருக்குள் ஒளிந்திருக்கும். எனவே சில நாள் ஓட்டிவிட்டு மறுபடி, பின்னர் மறுபடியும். மூன்று சுற்றில் ஐந்தில் நான்கு பங்கு புதிதாகிவிடும்.

'பழைய எண்ணெயைத் தொட்டால் பெட்டி போய்விடும்' என்ற அச்சம் பட்டறைதோறும் உலவுகிறது. தட்டுகள் தேய்ந்து, கியர் நழுவத் தொடங்கிய பிறகு, கடைசி நம்பிக்கையாகத்தான் பலரும் எண்ணெயை மாற்றுகிறார்கள். பெட்டி எப்படியும் போகத்தான் போகிறது. ஆனால் கொலைப்பழி கடைசிப் பால் ஊற்றியவர் தலையில் விழுகிறது. நெடுநாள் கவனிக்கப்படாத பெட்டியை எந்திரம் வைத்து அழுத்தத்தில் அலசுவதை நாங்களும் ஆதரிக்கவில்லை. திருகைக் கழற்றித் தானாக வடியவிடுவது வேறு காரியம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பி அச்சுறுத்துகிறார்கள்.

வடித்த எண்ணெயைக் கேனில் அடைத்து உதிரிபாகக் கடையில் ஒப்படைத்தோம், பணம் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு இரண்டாம் சுற்று. வருந்திய நண்பரும் வரலாம், பழைய சட்டையில்.