வீதி யாருக்கு உரியது?

தொன்னகர் ஒன்றின் வீதிகளை வெறும் போக்குவரத்துச் சாதனங்களாகக் கருதுதல் தவறு. கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் செல்வோர், சந்தைக்குச் சுமை கொணர்வோர், பள்ளிச் சிறார், நோயாளர் ஆகியோர் தலைமுறை தலைமுறையாக நடந்து உரிமை நாட்டிய பொதுநிலம் அவை. அந்நிலத்தை வேலியிட்டு மறித்து, வார இறுதியில் மோட்டார்ப் பந்தயம் நடத்தி, அதனைக் காணக் கூடுவோரின் தொகையை நகரின் பெருமைக்குச் சான்றாகக் காட்டும் வழக்கம் பல நாடுகளிலும் வேரூன்றியுள்ளது. பந்தயமே வேண்டாம் என்று எவரும் கூறவேண்டியதில்லை. மக்கள் வாழும் வீதி அதற்குரிய இடமன்று என்பதே இங்கு நிறுவப்பட வேண்டியது.

மொனாக்கோவில் 1929ஆம் ஆண்டிலும் மக்காவோவில் 1954ஆம் ஆண்டிலும் தொடங்கிய இவ்வழக்கம், 2016ஆம் ஆண்டில் அசர்பைஜான் நாட்டின் பாக்கு நகரத்துப் பழைய கோட்டை மதிலடியை எட்டியது. அங்கே கல் பாவிய வீதிப் பகுதியின்மேல் தார் பரப்பி, பந்தயம் முடிந்தபின் அதனை அகற்றினர். தொன்மையைக் காட்டுவதாகச் சொல்லித் தொன்மையை மூடிவைத்த இச்செயலே இவ்வழக்கத்தின் உட்கிடையைத் தெளிவாக்கப் போதியது. பந்தயக்காரருக்கு மதில் ஓர் அழகிய திரைச்சீலை. அதனடியிலுள்ள கல்லோ இடையூறு.

தமிழ்நாடும் இதற்கு விலக்காகவில்லை. 2024 ஆகஸ்ட் 31, செப்டெம்பர் 1 ஆகிய நாட்களில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றியுள்ள பொதுவீதிகளில் ஃபோர்முலா 4 இரவுப் பந்தயம் நடைபெற்றது. ஏறத்தாழ 3.5 கிலோமீற்றர் நீளமான அப்பாதையின் அருகே புனித ஜோர்ஜ் கோட்டையும் உள்ளது. பெரிய அரசாங்க மருத்துவமனைகளும் உள்ளன. 2023 டிசெம்பரில் நடைபெறவிருந்த இப்பந்தயம், மிக்ஜாம் புயலால் நகரம் வெள்ளத்தில் மூழ்கியமையால் ஒத்திவைக்கப்பட்டதாகும். இதற்கெதிராக வழக்குகள் எழுந்தன. நீதிமன்றம் அனுமதி வழங்கியது. சட்டம் இடங்கொடுத்தது மெய்யே. சட்டம் இடங்கொடுப்பன யாவும் பொதுநலமாகிவிடா என்பதும் மெய்யே. பந்தயத்திற்கென்றே அமைந்த ஓடுதளம் ஒன்று சென்னைக்கு அண்மையிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் பல ஆண்டுகளாக இருந்து வருகின்றது. அதற்கு முன்னர் சோழவரத்துப் பழைய விமானத் தளத்திலும் பந்தயங்கள் நடைபெற்றன. ஆகவே நகரவீதியை நாடியதற்குக் காரணம் விளையாட்டின் தேவையன்று, காட்சியின் தேவையே.

உல்லாசப் பிரயாணத் துறை வளரும் என்பது இவ்வழக்கத்தை ஆதரிப்போரின் முதல் வாதம். விடுதிகள் நிரம்பலாம். ஆயினும் பந்தயம் காண வந்தவன் கோட்டையைக் காண்பதில்லை. கோட்டையைக் காண வந்தவனுக்கோ வழி அடைபட்டிருக்கின்றது. இரண்டு நாட் கூச்சலைக் கேட்டுத் திரும்புபவன் அந்நகரின் மொழியையோ உணவையோ துயரையோ அறிந்தவனாகான்.

தக்க பாதுகாப்பு உண்டு என்பது இரண்டாவது வாதம். இத்தாலியின் பிரேசியாவிலிருந்து உரோமாபுரி சென்று மீளும் மில்லே மில்லியா பந்தயம் பொதுவீதிகளிலேயே நடைபெற்று வந்தது. 1957 மே 12ஆம் நாள் குயிடிசோலோ என்னும் ஊரருகே கார் ஒன்று கட்டிழந்து பாய்ந்ததில் பார்வையாளர் 9 பேர் மாண்டனர். அவர்களுள் 5 பேர் குழந்தைகள். காரிலிருந்த இருவரும் உயிர் பிழைக்கவில்லை. பழைய வடிவிலான அப்பந்தயம் அத்தோடு முடிவுற்றது. இலங்கையிலோ, பந்தயத்திற்கென்றே அமைந்த தியத்தலாவைத் தடத்தில் 2024 ஏப்ரல் 21ஆம் நாள் கார் ஒன்று பார்வையாளர் கூட்டத்துட் புகுந்து 7 உயிர்களைக் கவர்ந்தது. அவர்களுள் ஒரு சிறுமியும் அடங்குவாள். இன்றைய நகரப் பந்தயங்களின் தடுப்புகள் வலியன என்பர். தடுப்பு நலிந்ததாயின் பார்ப்பவன் சாகின்றான். வலியதாயின் அவ்வீதிக்குரியவன் தன் வீதியிலேயே அந்நியனாகின்றான். இவ்விரண்டில் எதனை நகரின் பெருமை என்பது?

இவ்வினா இலங்கையின் கீழ்க்கரைக்கும் உரியது. திருகோணமலை தொன்னகர். 1622ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் நினைவும், அவ்விடத்தெழுந்த கோட்டையும், பெருந்துறைமுகமும் அதன் முதுசொம். அந்நகரிலிருந்து புல்மோட்டை செல்லும் வீதி நிலாவெளியைக் கடந்து இறக்கக்கண்டியை அடைகின்றது. களப்பு கடலொடு கலக்கும் அவ்விடத்தில் வீதி பாலமேறிச் செல்கின்றது. கடற்கரை நாடி வரும் வார இறுதிப் பயணிக்கு அது வண்டியின் கண்ணாடியில் ஒரு கணம் தோன்றி மறையும் காட்சி. வலை சுமப்போருக்கும் மீன் ஏற்றிச் செல்வோருக்கும் சைக்கிளில் பள்ளி செல்லும் பிள்ளைக்கும் அதுவே வாழ்வின் நாடி. தமிழரும் முஸ்லிம்களும் வாழும் இக்கரையோர மக்கள், 2009ஆம் ஆண்டில் முடிவுற்ற போரின் காலத்தில் வீதித்தடையையும் சோதனைச் சாவடியையும் கண்டவர்கள். வீதி திறந்திருத்தலின் விலையை அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அத்தகைய மண்ணில் வீதியை மூடுவதைத் திருவிழா என அழைக்க எவருக்கும் உரிமையில்லை.

திருகோணமலைக்கும் நாளை இவ்வாசை காட்டப்படலாம். அன்று கேட்கவேண்டிய கேள்விகள் சிலவே. எத்தனை மணிநேரம் எவருடைய வழி அடைபடும்? மருத்துவமனை வண்டி எவ்வழி செல்லும்? மூடுமுன் அவ்வீதியில் வாழ்வோரிடம் கேட்டது யார்? இவற்றுக்கு விடையில்லாத பந்தயம் தனக்குரிய தடத்துக்குச் செல்லட்டும். வேகத்துக்குத் தனியிடம் அமைத்தல் எளிது. நடப்பவனுக்கு அவனுடைய வீதியைத் தவிர வேறிடம் இல்லை.