‘20 ஆயிரம் கி.மீ.தான் சார் ஓடியிருக்கு!’ – பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும்போது மீட்டரை நம்பலாமா?

“டாக்டர் வண்டி சார். சண்டே மட்டும்தான் எடுப்பார். எட்டு வருஷத்துல 20 ஆயிரம் கி.மீ. கூட தாண்டல.”

யூஸ்டு ஸ்போர்ட்ஸ் கார் பார்க்கப் போகிற யாரும் இந்த வசனத்தைக் கேட்காமல் திரும்புவதில்லை. கேட்டதும் வாங்க வந்தவர் பாதி விழுந்துவிடுகிறார். மீதி வேலையை சைலன்ஸர் சத்தம் பார்த்துக்கொள்ளும்.

தினமும் ஆபீஸ் போய்வரும் சின்ன ஹேட்ச்பேக் என்றால், குறைவாக ஓடியது நல்ல செய்திதான். ஸ்போர்ட்ஸ் காருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. 80 ஆயிரம் கி.மீ. ஓடி, ஒவ்வொரு சர்வீஸுக்கும் பில் வைத்திருக்கும் கார் ஒன்று. 20 ஆயிரம் மட்டும் ஓடி, கவர் போட்டு ஷெட்டில் தூங்கி, ஒரு பில்லும் இல்லாத கார் இன்னொன்று. சந்தையில் இரண்டாவதற்குத்தான் விலை அதிகம். ஆனால் கையில் காசும் கொஞ்சம் விவரமும் இருப்பவர் வாங்க வேண்டியது முதலாவதை.

விலை குறையும், செலவு குறையாது

ஃபோர்டு மஸ்டாங் ஜி.டி. 2016இல் இந்தியாவுக்கு வந்தபோது எக்ஸ்-ஷோரூம் விலை 65 லட்சம் ரூபாய். 5 லிட்டர் வி8 இன்ஜின். முழுதாக இறக்குமதியான கார். 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. இன்று அந்த மஸ்டாங்கைப் பழைய காராக வாங்குகிறவருக்கு, புதிதாக வாங்கியவர் கொடுத்ததைவிடப் பல லட்சங்கள் குறைவாகக் கிடைக்கலாம். ஆனால் அதன் பிரேக் டிஸ்க்குக்கும் சஸ்பென்ஷனுக்கும் ‘இது செகண்ட் ஹேண்ட் ஓனர்’ என்று தெரியாது. 65 லட்ச ரூபாய் காருக்கான பாகம், அந்த விலைக்குத்தான் வரும். அதுவும் கப்பலேறி, சுங்க வரி கட்டி வரும்.

இளம் வயதில் லோன் போட்டு வாங்குகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். இ.எம்.ஐ. கணக்கைப் பைசா சுத்தமாகப் போட்டிருப்பார்கள். நான்கு டயர், ஒரு செட் பிரேக், ஒரு கியர்பாக்ஸ் வேலை, இவை எதுவும் அந்த எக்ஸெல் ஷீட்டில் இருக்காது. முதல் வருடத்துக்கென்று வாங்கும் விலையில் 10 முதல் 15 சதவீதமாவது தனியாக எடுத்து வைக்க முடியாது என்றால், அந்த கார் இப்போதைக்கு எட்டாத கார்தான். பட்ஜெட் 25 லட்சம் என்றால் 25 லட்சத்துக்கு வண்டி தேடக் கூடாது. 22 லட்சத்துக்குள் தேட வேண்டும்.

ஓடாமல் நின்றதால் கெட்டது

நின்ற வண்டி கெடும் என்பது ஆட்டோ ஓட்டுகிறவருக்கும் தெரிந்த விஷயம். ஸ்போர்ட்ஸ் காரில் மட்டும் ஏனோ எல்லோரும் அதை மறந்துவிடுகிறார்கள்.

டயரில் தொடங்கலாம். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். ‘2317’ என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. பட்டன் தேயாமல் புதுசு மாதிரி பளபளப்பாக இருக்கும். ரப்பர் மட்டும் கல்லாகியிருக்கும். ஈ.சி.ஆரில் மழை நாளில் 100 கி.மீ. வேகத்தில் பிரேக் அடிக்கும்போதுதான் அது தெரியவரும். பல ஸ்போர்ட்ஸ் கார்களில் முன் டயர் ஒரு அளவு, பின் டயர் வேறு அளவு. முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமாளிக்கவும் வழியில்லை.

அடுத்து பிரேக் ஆயில். இது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஈரம் சேரச் சேர கொதிநிலை இறங்கும். அதனால்தான் எத்தனை கி.மீ. ஓடியிருந்தாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். சண்டே மட்டும் எடுக்கும் டாக்டர் இதைச் செய்தாரா? இன்ஜின் ஆயிலும் அப்படித்தான். ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைத்தால் இன்ஜின் முழுச் சூடாவதற்கு முன்பே நின்றுவிடும். உள்ளே சேர்ந்த ஈரம் ஆவியாகாமல் ஆயிலிலேயே தங்கும். ‘வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி வெச்சுடுவோம் சார்’ என்று பெருமையாகச் சொல்வது உண்மையில் அவ்வளவு பெருமைப்பட வேண்டிய விஷயம் இல்லை.

கன்வெர்டிபிள் என்றால் இன்னொரு தலைவலி. கூரையில் விழும் மழைநீர் வடிய சின்னச் சின்னக் குழாய்கள் இருக்கும். மரத்தடியில் நின்ற வண்டியில் இலையும் தூசியும் சேர்ந்து அவை அடைத்துக்கொள்ளும். 2002 முதல் 2008 வரை தயாரான முதல் தலைமுறை பி.எம்.டபிள்யூ. இசட்4 காரில், கூரையை இயக்கும் மோட்டார் இந்தத் தண்ணீர் தேங்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே வைக்கப்பட்டிருந்தது. குழாய் அடைத்தால் மோட்டார் மூழ்கிவிடும். உலகம் முழுக்க அந்தக் கார் வைத்திருப்பவர்கள் ஒருவருக்கொருவர் முதலில் சொல்லும் எச்சரிக்கை இதுதான். இன்ஜினில் எந்தக் குறையும் இல்லாத கார், ஒரு கைப்பிடி சருகால் பெரிய பில்லை நீட்டுகிறது.

இன்ஜின் தீர்ந்துபோகும் கதையும் உண்டு. போர்ஷேயின் 996 வகை 911, 986 பாக்ஸ்டர் ஆகியவற்றில் இருந்த ஐ.எம்.எஸ். பேரிங் உடைந்தால் மொத்த இன்ஜினும் காலி. 2009 மாடலில் இருந்து வந்த புதிய இன்ஜின் வடிவமைப்பில் அந்த பேரிங்கே இல்லை. ஆக, 2008 போர்ஷேவுக்கும் 2009 போர்ஷேவுக்கும் இடையே வெறும் ஒரு வருட வித்தியாசம் என்று நினைத்தால் தப்பு. எந்த மாடல், எந்த வருடம், எந்த இன்ஜின், அதற்கென்று பெயர்போன வியாதி என்ன? இதைப் படித்து முடிக்காமல் டெஸ்ட் டிரைவுக்கே போகக் கூடாது.

கியர்பாக்ஸ்தான் பட்ஜெட்டைத் தின்னும்

இங்குள்ள இளைஞர்களுக்கு உண்மையில் எட்டக்கூடிய வேகமான கார்கள் போர்ஷேயும் மஸ்டாங்கும் இல்லை. ஃபோக்ஸ்வேகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ., ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். போன்றவைதான். இரண்டிலும் டி.எஸ்.ஜி. என்கிற இரட்டை க்ளட்ச் கியர்பாக்ஸ். பெயர் ஒன்றுதான், உள்ளே ஆள் வேறு.

போலோவில் இருப்பது 7 கியர், ‘டிரை க்ளட்ச்’ வகை. 2013 நவம்பரில் ஃபோக்ஸ்வேகன் இந்த 7 கியர் வகைக்காக மட்டும் உலகளவில் சுமார் 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. ஓ.எம்.ஆர். மாதிரி ஊர்ந்து போகும் டிராஃபிக்கில் இந்த க்ளட்ச் சூடேறும். முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறும்போது ஒரு நடுக்கம், ஒரு இழுப்பு தெரிந்தால் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ‘டி.எஸ்.ஜி. எல்லாமே அப்படித்தான் சார்’ என்ற பதிலை ஏற்கக் கூடாது. 2017இல் சுமார் 25 லட்சம் ரூபாய்க்கு வந்த 230 குதிரைத் திறன் ஆக்டேவியா ஆர்.எஸ். காரில் இருப்பது ஆயிலில் மூழ்கிய 6 கியர் வகை. இன்னும் உறுதியானது, ஆனால் 60 ஆயிரம் கி.மீ.க்கு ஒருமுறை கியர் ஆயிலும் ஃபில்டரும் மாற்றியாக வேண்டும். 70 ஆயிரம் ஓடிய ஆர்.எஸ்.ஸில் அந்த ஒரு பில் இருக்கிறதா இல்லையா என்பது, பெயின்ட் பளபளப்பைவிடப் பல மடங்கு முக்கியம்.

இந்த வகை கார்களில் ‘ஸ்டேஜ் 1’ போட்டவை நிறையக் கிடைக்கும். இன்ஜின் மென்பொருளை மாற்றி கூடுதல் பவர் எடுப்பது. விற்கும் முன் பழைய மென்பொருளையே திரும்ப ஏற்றிவிடுவார்கள். கூடுதல் அழுத்தத்தில் தேய்ந்த க்ளட்ச்சும் டர்போவும் திரும்ப வராது. ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் சர்வீஸ் சென்டர்களில் இப்படி மாற்றம் கண்டுபிடிக்கப்பட்ட காருக்கு ‘டி.டி.1’ என்ற குறி போடுவார்கள். அதோடு இன்ஜின், கியர்பாக்ஸ் வாரன்டி கதை முடியும். சேஸிஸ் எண்ணோடு சர்வீஸ் சென்டரில் கேட்டால் தெரியும். ஓனரையே கூட்டிக்கொண்டு போய்க் கேட்பது நல்லது, அவர் வரத் தயங்கினால் அதுவே ஒரு பதில்.

பார்க்கப் போகும் நாள்

காலையில் போக வேண்டும், வண்டி குளிர்ந்திருக்க வேண்டும். பானட்டைத் தொட்டுப் பார்த்து சூடாக இருந்தால், ஏற்கெனவே ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஏதோ மறைத்திருக்கலாம் என்று சந்தேகப்படுவதில் தப்பில்லை. குளிர்ந்த இன்ஜினில்தான் செயின் சத்தமும், ஆயில் எரியும் நீலப் புகையும் வெளியே வரும்.

ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ஓ.பி.டி. ஸ்கேனர் ஒன்று பையில் இருக்கட்டும். எரர் கோடு எதுவும் இல்லை என்று காட்டினால் சந்தோஷப்பட அவசரம் வேண்டாம். முந்தின நாள்தான் அழித்திருப்பார்கள். அப்படி அழித்தால், காரின் சுயபரிசோதனைகள் ‘முடியவில்லை’ என்றே ஸ்கேனர் ஆப்பில் காட்டும். சில நாள் ஓட்டினால்தான் அவை முடியும். தினமும் ஓடுவதாகச் சொல்லப்படும் காரில் பெரும்பாலான பரிசோதனைகள் முடியாமல் இருந்தால், ‘நேத்து என்ன கோடு சார் வந்துச்சு?’ என்று நேராகவே கேட்கலாம்.

பெயின்ட்டைக் காந்தம் வைத்துப் பார்க்கும் பழைய டெக்னிக் இங்கே எடுபடாது. மஸ்டாங்கின் பானட் அலுமினியம், காந்தம் ஒட்டவே ஒட்டாது. அலுமினியத்திலும் வேலை செய்யும் பெயின்ட் மீட்டர் உள்ள ஆளை அழைத்துப் போக வேண்டும். கம்பெனி பெயின்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். ஒரு கதவு மட்டும் 400 காட்டினால் அங்கே பட்டி பூசியிருக்கிறார்கள்.

லிஃப்டில் ஏற்றிக் கீழிருந்து பார்ப்பதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விடக் கூடாது. நம்ம ஊர் ஸ்பீடு பிரேக்கரில் தாழ்வான கார் எத்தனை முறை உரசியிருக்கிறது என்பதை ஆயில் சம்ப் சொல்லும். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த சென்னையில், சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்ப்பது ஒரு சடங்காகவே ஆக வேண்டும். மேலே துவைத்துச் சுத்தமாக இருக்கும். கடைசி அரை அடியில் சேற்றுக் கறை இருக்கும்.

இதற்கெல்லாம் அந்தப் பிராண்டில் வேலை பார்த்த மெக்கானிக் ஒருவரின் அரை நாளுக்குக் கொடுக்கும் காசு, மொத்தச் செலவில் மிகச் சிறியது. ‘ஈவ்னிங் இன்னொரு பார்ட்டி வர்றாங்க, டோக்கன் போட்டுட்டு அப்புறம் செக் பண்ணிக்கோங்க’ என்பார்கள். வரட்டும். அந்தப் பார்ட்டிக்கே போகட்டும்.

காகிதம் பேசும்

விபத்தே இல்லை என்கிற காருக்கு ஒரு சுலபமான சோதனை உண்டு: நடப்பு இன்ஷூரன்ஸ் பாலிசியில் ‘நோ க்ளெய்ம் போனஸ்’ எவ்வளவு என்று பார்ப்பது. க்ளெய்ம் இல்லாமல் ஒரு வருடம் போனால் 20 சதவீதம், பிறகு 25, 35, 45, ஐந்து வருடத்தில் 50. ஒருமுறை க்ளெய்ம் செய்தால் பூஜ்யம். போனஸைப் பாதுகாக்கும் ஆட்-ஆன் இருந்தாலோ, சமீபத்தில் கைமாறியிருந்தாலோ கணக்கு மாறும். மற்றபடி, எட்டு வருடம் ஒரே ஓனர், ஆனால் போனஸ் பூஜ்யம் என்றால், போன வருடம் என்ன நடந்தது என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

எம்-பரிவாஹன் ஆப்பில் ஆர்.சி. விவரம், லோன் நிலுவை, சலான் எல்லாம் தெரியும். வெளிமாநில வண்டி என்றால் இன்னும் கவனம். டெல்லியில் 10 வருட டீசல், 15 வருட பெட்ரோல் கார்களுக்கு வந்த தடையை 2018இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்த பிறகு, அங்கிருந்து தெற்கே மலிவாக வரும் கார்கள் ஏராளம். தடையில்லாச் சான்று, இங்கே மறுபதிவு, சாலை வரி எல்லாம் சேர்த்தால் அந்த மலிவில் பாதி காணாமல் போகும். 2025 செப்டம்பரில் கேரளாவில் சுங்கத் துறை நடத்திய சோதனைகளில், பூட்டான் வழியாகக் கொண்டுவரப்பட்டதாகச் சொல்லி பல சொகுசு வாகனங்கள் பறிமுதல் செய்யப்பட்டன. இப்படிப்பட்ட வழக்குகளில் வரி ஏய்த்தது யாராக இருந்தாலும், வண்டி எடுக்கப்படுவது கடைசியாக யார் வீட்டு வாசலில் நிற்கிறதோ அங்கிருந்துதான். இறக்குமதியான காருக்கு, அது முதன்முதலில் எப்படி நாட்டுக்குள் வந்தது என்பதற்கான ஆவணம் கையில் இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது.

எல்லாம் சரியாக இருந்து வண்டி வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கும். 14 நாட்களுக்குள் இன்ஷூரன்ஸைத் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு தானாகவே தொடரும்; சொந்த வண்டியின் சேதத்துக்கான பாதுகாப்பு தொடராது. பழைய ஓனரின் போனஸும் வராது. புது வண்டி வந்த உற்சாகத்தில் முதல் வாரமே ஏலகிரிக்கு விடுகிறவர்கள், கிளம்பும் முன் அந்த விண்ணப்பத்தை அனுப்பிவிட்டார்களா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.