எலுமிச்சம்பழம் மட்டும் போதாது

பொங்கலுக்கு ஊருக்குப் புறப்படும் முன் ஹெப்பகோடித் தெருக்களில் ஒரு காட்சி: 2014-இல் உற்பத்தி நின்றுபோன மாருதி 800-இன் ரேடியேட்டரில் ஒரு குடம் போர்வெல் தண்ணீர், "சேலம் வரை தாங்கும்" என்று ஒரு சமாதானம். நானும் அப்படிச் செய்தவன்தான். திரும்பும்போது தொப்பூர்க் கணவாய் ஏற்றத்தில் வண்டி கொதித்து, லாரிகளுக்கு நடுவே குழந்தைகளோடு நின்றபோதுதான் புத்தி வந்தது.

கசிவுக்குத் தண்ணீர் மருந்தல்ல. உப்புத் தண்ணீர் உள்ளே படிந்து ரேடியேட்டரை அடைக்கும். எஞ்சினின் ஹெட் அலுமினியம். சூடு மீறினால் வளைந்துவிடும். ஆனால் கோளாறு பெரும்பாலும் சின்னதே: வெடித்த ஹோஸ், தளர்ந்த கிளிப். இரவில் வண்டிக்கு அடியில் அட்டை விரித்தால் காலையில் இடம் தெரியும். எஞ்சின் நன்கு ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். ஹோஸையும் கிளிப்பையும் மாற்றி, கூலண்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி கலந்து ஊற்றி, மூடி திறந்தபடியே சற்று ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றினால் முடிந்தது. வாட்டர் பம்ப் கசிந்தால் மெக்கானிக்கிடம் போவதே நல்லது.

வடித்த கூலண்ட்டைத் தெருவில் கொட்டாதீர்கள். இனிக்கும் நஞ்சு அது. நாய் நக்கினாலும் உயிர் போகும்.

சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கிறோம். ஹோஸை ஒருமுறை அழுத்திப் பார்ப்பதில்லை. ஊர் போய்ச் சேர்ந்தால் போதுமா, பத்திரமாகத் திரும்ப வேண்டாமா? அதற்கு ஒரு சனிக்கிழமை ஒதுக்குவோமே.